காத்துமறைப்பு

பலவேசம் தீர்ந்துவிட்டான் என்று காவல்விளை ஊரே பேசி முடித்து, பேசிய வாய்களுக்கே அந்தப் பேச்சு சலித்துப்போயிருந்த ஓர் ஆடி மாதத்தில், பங்குனியில் இறந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருந்த ஞானதிரவியம் அவனுக்கு முன்னால் சைக்கிள் ஓட்டுவதற்காகத் திரும்பி வந்தான்.

எங்கள் ஊர் மலைக் கணவாய்க்கு நேர் கீழே இருக்கிறது. ஆனியில் அந்தக் கணவாய் வாயைத் திறந்தால் ஆவணி முடியும்வரை மூடாது. மேற்கே நடக்கிறவன் பூட்டின கதவைத் தள்ளுகிறவனைப் போலத் தோளைச் சாய்த்து நடக்க வேண்டும், கிழக்கே நடக்கிறவனை முதுகில் கை வைத்து யாரோ தள்ளிக்கொண்டே வருவார்கள், பனைகளுக்கு நடுவே நட்டுவைத்த காற்றாலைகள் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும், பிறந்த பிள்ளை அந்த உறுமலைக் கேட்டுத்தான் தூங்கப் பழகும். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் பந்தயத்தின் மேல் எதற்கு இவ்வளவு வெறி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காற்றில்லாத ஊரில் சைக்கிள் ஓட்டி என்ன கண்டீர்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். தை பிறந்தால் பந்தயம் தொடங்கிவிடும். கோயில் கொடை விழாவுக்கு ஒன்று, தேவாலயத் திருவிழாவுக்கு ஒன்று என்று தெற்குச் சீமை முழுக்கச் சுற்றி, ஆவணிக் கடைசியில் எங்கள் ஊரில் வந்து முடியும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி உண்டு. எல்லாப் புள்ளியையும் கூட்டி, சீசன் முடிவில் ஒருத்தன் கையில் பெரிய கோப்பையைக் கொடுப்பார்கள்.

அந்தக் கோப்பையைப் பலவேசம் வருஷா வருஷம் வாங்கிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கம்பெனி ஒன்று அவனைச் சம்பளத்துக்கு வைத்து, தன் பெயர் போட்ட நீலப் பனியனை மாட்டி ஓடவிட்டது. அதே கம்பெனியின் அதே நீலப் பனியனில் அவனுக்கு முன்னால் ஞானதிரவியம் ஓடினான். பந்தயம் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்: முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான், அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்குக் காற்றே கிடையாது. ஞானதிரவியம் தலையைக் குனிந்து, கணவாய்க் காற்று முழுவதையும் தன் நெஞ்சில் வாங்கி, அதை இரண்டாகக் கிழித்துக்கொண்டே கடைவீதிவரை வந்து, முடிவுக்கோடு கண்ணில் பட்டதும் இடது பக்கமாக ஒதுங்குவான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, அதுவரை சரியாக வியர்க்கக்கூடச் செய்யாத பலவேசம் எழுந்து பாய்வான். நாங்கள் பலவேசத்தைப் பார்த்துக் கத்துவோம். ஒதுங்கினவன் அதற்கப்புறம் எங்கே போனான், எத்தனையாவதாக வந்தான் என்று எங்களில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அந்த வேலைக்குக் காத்துமறைப்பு என்று பெயர். நாளடைவில் ஞானதிரவியத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பங்குனியில் ஒரு காலை அவன் பயிற்சி முடிந்து வந்து, வீட்டை ஒட்டின சாய்ப்பில் சைக்கிளை வைத்துவிட்டு, மனைவி ஜெயரூபி கொடுத்த தண்ணீரைக் குடித்துச் சுவரில் சாய்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. நெஞ்சுதான் என்றார் டாக்டர். எத்தனை காற்றைத்தான் அந்த நெஞ்சும் வாங்கும் என்று சொல்லிச் சொல்லிப் பெண்கள் அழுதார்கள். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருந்தாள்.

அதற்குப் பிறகு பலவேசம் எந்தப் பந்தயத்திலும் முன்னுக்கு வரவில்லை. கம்பெனி வேறு வேறு ஆட்களைக் காத்துமறைப்புக்கு அனுப்பிப் பார்த்தது. அவர்கள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி நின்றார்கள். பலவேசம் சித்திரையில் பின்தங்கினான், வைகாசியில் இன்னும் பின்தங்கினான், ஆனியில் காற்று கிளம்பியதும் கூட்டத்தின் வாலில் தொங்கிக்கொண்டு வந்தான். கோவில்பட்டிப் பக்கத்து இளவட்டம் கொம்பையா என்பவன் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனான்.

இதையெல்லாம் நாங்கள் பேசித் தீர்த்த இடம் சேர்மத்துரையின் மாவு மில். அரிசியோ மிளகாயோ திரிக்க வருகிறவர்கள் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டுப் பந்தயப் பேச்சில் இறங்குவார்கள். பெல்ட்டு ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும் என்பதால் அங்கே நல்ல வார்த்தையும் சண்டையாகத்தான் கேட்கும். இமைமயிர் வரைக்கும் மாவு படிந்த சேர்மத்துரை, பலவேசத்தின் கட்சி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மைதீன் பிச்சை எதிர்க்கட்சி. சீசன் கடைசியில் எந்தக் காலும் தீர்ந்துதான் போகும், தையில் இருக்கிற கால் ஆடியில் இருக்காது, இவன் கால் சித்திரையிலேயே தீர்ந்துவிட்டது என்பது மைதீன் பிச்சையின் வாதம். அவன் காலைச் சேமித்து வைக்கிறான், கொம்பையாவை ஓடவிட்டுக் களைக்கவைத்து ஆவணியில் பிடிப்பான், இது ஒரு தந்திரம் என்பார் சேர்மத்துரை. தந்திரம் பண்ணுகிறவன் முகத்தில் அது தெரியும், இவன் முகத்தில் தெரிவது வேறு என்று மைதீன் பிச்சை சொன்னபோது சேர்மத்துரை அடுத்த டப்பாவை எடுத்து மிஷினில் கொட்டினார்.

ஆடி முதல் பந்தயம் சுண்டங்குளத்தில் நடந்தது. காற்றாலைக் காட்டுக்குள் நேர் மேற்கே போகிற சாலை, நேர் எதிர்க்காற்று. கொம்பையா நாலைந்து பேரோடு முன்னால் போய்விட்டான். பின்கூட்டத்திலிருந்து பலவேசம் தனியாகக் கிளம்பினான். அவனுக்கு முன்னால் யாருமில்லை. ஆனாலும் ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவன் எப்படித் தலையைத் தாழ்த்தி, கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி, முழங்கையை மடக்கிப் போவானோ அப்படிப் போனான். அவன் போன இடத்தில் சாலைப் புழுதி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் போயிற்று. ஓரத்தில் கட்டியிருந்த கட்சிக்கொடிகள் அவன் கடக்கிற நேரம் மட்டும் துவண்டு தொங்கி, கடந்ததும் மறுபடி படபடத்தன. காற்று அறைந்து அறைந்து எங்கள் வேட்டியெல்லாம் தலைக்கு ஏறிக்கொண்டிருக்க, பலவேசத்தின் நெற்றி மயிர் அசையவில்லை. அவன் கொம்பையாவைப் பிடித்தான், கடந்தான், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் அவனுக்கு முன்னாலிருந்த ஏதோ இடது பக்கம் விலகியது, அவன் எழுந்து பாய்ந்து ஜெயித்தான். கோட்டைத் தாண்டியதும் இறங்கி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, இடது ஓரத்தில் ஓடிப்போய் நின்று யாரையோ தேடினான். அங்கே காய்ந்த முள்செடி ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த பந்தயத்தில், சாயங்கால வெயில் சரிவாக விழுந்தபோது, பலவேசத்தின் நிழலுக்கு முன்னால் இன்னொரு சைக்கிள் நிழல் ஓடியதைச் சாலையின் இருபுறமும் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆடி முடிவதற்குள் நீலப் பனியன் போட்ட முதுகே தெரியத் தொடங்கியது. எதிரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, பலவேசம் மட்டும்தான் வருவான்; பக்கத்தில் வந்து, கடந்து, பின்பக்கம் பார்க்கும்போதுதான் அந்த முதுகும், இடது தோளைக் கொஞ்சம் இறக்கி மிதிக்கிற அந்தப் பழைய பழக்கமும், முதுகுத்தண்டின் மேல் வியர்வைப் பட்டையும் தெரியும். அது ஞானதிரவியம்தான் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொம்பையாவின் ஆட்கள் புகார் கொடுத்தார்கள். பந்தயக் கமிட்டிக்குத் தலைவர் தேவசகாயம் சார், பி.டி. வாத்தியாராக இருந்தவர், விதியை மீறி எதையும் விடாதவர். அவர் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். ஓட்டுகிறவனுக்கு நம்பர் இருக்க வேண்டும், சைக்கிளுக்குப் பிரேக் இருக்க வேண்டும், வண்டியையோ ஆளையோ பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்றெல்லாம் இருந்ததே தவிர, உயிர் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நம்பர் இல்லாமல் ஓடுவதுதான் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லி, அடுத்த பந்தயத்தில் ஞானதிரவியத்தின் பழைய நம்பர் துணியை எடுத்துவந்து, தொடக்கக்கோட்டில் பலவேசத்தின் முன்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விரித்து, பறந்துவிடாமல் மேலே ஒரு கல்லை வைத்தார். பெயர்களை வாசிக்கும்போது ஞானதிரவியத்தின் பெயரையும் வாசித்து, மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் விடுவாரோ அவ்வளவு நேரம் விட்டார். கொடி இறங்கியது. எல்லோரும் போன பிறகு பார்த்தால் கல் இருந்த இடத்தில் இருந்தது, துணியைக் காணோம்.

அதோடு புகாரும் முடிந்தது. தண்ணீர் கொடுக்கிறவர்கள் இரண்டு பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மில்லில் பேச்சு வேறு தடத்துக்கு மாறியது. செத்தவனுக்குக் கால் களைக்குமா என்பது ஆவணி பிறந்தபோது எங்கள் பெரிய விவாதம். அவனுக்கு ஏது களைப்பு, உடம்பே இல்லையே என்றார் சேர்மத்துரை. மைதீன் பிச்சை ஒத்துக்கொள்ளவில்லை. சுண்டங்குளத்தில் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து ஒதுங்கினான், போன பந்தயத்தில் எவ்வளவு தூரத்திலேயே ஒதுங்கிவிட்டான், யாராவது கவனித்தீர்களா என்று கேட்டார். நாங்கள் கவனித்திருக்கவில்லை. முதுகும் முன்னைப்போல் இல்லை, வெளுத்துக்கொண்டே வருகிறது, பனியன் வழியாக அந்தப் பக்கத்துப் பனைமரம் தெரிகிறது என்றார்.

"உசுரோட இருக்கவன் சாவுற வரைக்கும்தாம் களைப்பான்," என்றார் மைதீன் பிச்சை. "செத்தவனும் களைச்சா, அவன் எங்கவே போயிப் படுப்பான்?"

பெல்ட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் அது எல்லோருக்கும் கேட்டது.

இதற்குள் பந்தயம் பார்க்க வருகிற கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. புதிதாக வந்தவர்கள் கத்தவில்லை, கை தட்டவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் தாய் கூத்தன்துறையிலிருந்து வந்தாள். கிணற்றில் விழுந்த தங்கையின் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். ஒருத்தன் ஒரு பந்தயத்துக்காகத் திரும்பி வர முடியுமென்றால், வேறொருத்தர் வேறொன்றுக்காக வரக்கூடும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். சைக்கிள்கள் வரும்போது அவர்கள் பலவேசத்தைப் பார்க்கவில்லை, ஞானதிரவியத்தையும் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வெறுமையாக வருகிற சாலையைப் பார்த்தார்கள். எல்லாச் சைக்கிளும் போய், கடைசி ஜீப்பும் போய், காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும்போதும் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பலவேசம் ஜெயித்துக்கொண்டே வந்தான், இளைத்துக்கொண்டே வந்தான். கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒருநாள் மத்தியானம் கரண்டு போய் மில் நின்றிருந்தபோது அவன் வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தான். சேர்மத்துரையும் நாங்கள் சில பேரும்தான் இருந்தோம். முழுப் பந்தயமும் ஞானதிரவியத்திடம் பேசிக்கொண்டே வருகிறேன் என்றான். வீட்டு விஷயம், ஊர் விஷயம், பழைய பந்தயக் கதை எல்லாம் பேசியாயிற்று. ஒரு பதிலும் இல்லை.

"முதுகு மட்டுந்தாம் அண்ணாச்சி. ஒருக்காகூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். நாந்தாம் வாரேனான்னுகூடப் பாக்க மாட்டேங்கான்."

அப்படியென்றால் ஏன் பின்னாலேயே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கொம்பையாவை எட்டிப்பிடிக்க இன்னும் ஒரு பந்தயம்தான் பாக்கி, அது எங்கள் ஊர்ப் பந்தயம், அதில் ஜெயித்தால் கோப்பை மறுபடியும் காவல்விளைக்கு. எங்களுக்கு அந்த நினைப்புத்தான் இருந்தது. அவனை உட்கார வைத்துக்கொண்டே, குளத்துக்கரைத் திருப்பத்தில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், கொம்பையாவை எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று வாதாட ஆரம்பித்துவிட்டோம்.

ஜெயரூபி வந்தது அப்போதுதான். கையில் மிளகாய் டப்பா இருந்தது. கரண்டு இல்லை என்று சொன்ன பிறகும் அவள் போகவில்லை. புருஷன் திரும்பி வந்த பிறகு அவள் எந்தப் பந்தயத்துக்கும் வரவில்லை என்பதும், நாங்களும் அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் அவள் வாசலில் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பலவேசம் எழுந்து நின்றான்.

"உள்ள வாங்க மதினி."

அவள் வாசலிலேயே நின்றுகொண்டு அவனிடம் மட்டும் பேசினாள். சாய்ப்பில் இருக்கிற சைக்கிளை அவர் போனதிலிருந்து யாரும் தொடவில்லை என்றாள். பந்தயம் நடக்கிற நாட்களில் சாயங்காலம் போய்த் தொட்டுப் பார்க்கிறாள். டயர் சுடுகிறது.

"சைக்கிள எடுக்க வாராவ தம்பி. கொண்டாந்து வைக்கவும் வாராவ. சாய்ப்புக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதாம். கதவத் தெறந்துதாம் வச்சிருக்கேன். உள்ள வரல." டப்பாவைக் கை மாற்றினாள். "பிள்ள கேக்கா, அப்பாவ ஊரே பாத்துட்டு, நாம மட்டும் ஏம் பாக்கலன்னு."

பலவேசத்தால் நிமிர முடியவில்லை. "நான் கூப்பிடல மதினி. சத்தியமாக் கூப்பிடல."

"கூப்பிடலதாம். ஆனா பின்னாலயே போறியளே. நீங்க பின்னால இருக்க வரைக்கும் அவிய முன்னால ஓட்டிக்கிட்டேதாம் இருப்பாவ. வேற ஒண்ணும் அவியளுக்குத் தெரியாது."

டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சேர்மத்துரையிடம் சொல்லிவிட்டுப் போனாள். கரண்டு வந்தபோது சேர்மத்துரை முதல் ஆளாக அவள் மிளகாயைத்தான் திரித்தார். அந்தக் காரம் எங்கள் கண்ணிலெல்லாம் ஏறியது, யாரும் எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. எதிர்க்காற்றில் பலவேசம் முன்னால் போனால் கோப்பை போய்விடும், அவன் வாழ்நாளில் காற்று வாங்கியவனில்லை என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சியில் நாங்கள் நிறையப் பேர் இருந்தோம். ஒரே ஒரு பந்தயம்தானே, இத்தனை பந்தயம் வந்தவன் இதற்கும் வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் விட்டுவிடலாம் என்றோம். இன்னொரு கட்சி ஒன்றும் பேசவில்லை, ஜெயரூபியின் தெருவழியாக நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்தது. விசித்திரம் என்னவென்றால் சேர்மத்துரை அந்தப் பேசாத கட்சிக்குப் போய்விட்டார். எப்போதும் பலவேசத்தைத் திட்டுகிற மைதீன் பிச்சைதான், அவன் ஜெயிக்க வேண்டும், சீசன் கடைசியில் இப்படி ஒரு கால் யாருக்கும் வாய்க்காது என்று மன்றாடினார்.

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மணி அடித்ததும், தேவாலய வாசலில் தேவசகாயம் சார் பெயர்களை வாசித்தார். நம்பர் துணியைத் தரையில் விரித்துக் கல்லை வைத்தார். கொடி இறங்கியது. கிழக்கே போகும்போது காற்று எல்லோர் முதுகிலும் இருந்ததால் அது பந்தயமாகவே இல்லை, ஊர்வலமாக இருந்தது. நெடுஞ்சாலையைத் தொட்டுச் சுற்றி, காற்றாலைக் காட்டின் வழியாக மேற்கே திரும்பியதும் கூட்டம் நூல் நூலாகப் பிரிந்தது. எல்லாருக்கும் முன்னால் யாருமில்லாத ஓர் இடம், அதன் பின்னால் பலவேசம், அவன் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கொம்பையா. குளத்துக்கரை ஏற்றம் தொடங்கியபோது பக்கவாட்டில் நின்ற எங்களுக்கு அந்த முதுகு தெரிந்தது. மைதீன் பிச்சை சொன்னது சரி. வெளுத்த சேலையை வெயிலில் பிடித்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. இடது தோள் முன்னைவிட இறங்கியிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அவன் தலை கொஞ்சம் ஆடியது.

குளத்துக்கரையில் காற்றுக்குத் தடையே கிடையாது. அங்கேதான் பலவேசம் வலது பக்கம் வெளியே வந்தான். வந்த மாத்திரத்தில் காற்று அவனை அறைந்தது. பனியன் சாக்காக உப்பியது, சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. எழுந்து நின்று மிதித்தான். ஞானதிரவியத்தின் பக்கத்தில் வந்தான், கடந்தான், முன்னால் போனான். முன்னால் ஒருத்தன் போவதைக் கண்ட ஞானதிரவியம் உடனே வேகம் கூட்டி அவனைக் கடந்து, மறுபடியும் தன் இடத்துக்குப் போய்க் காற்றை வாங்கினான். பலவேசம் மறுபடி வெளியே வந்தான். மறுபடி கடந்தான். ஞானதிரவியம் மறுபடி முன்னே போனான். ஜெயிப்பதற்காக முந்துகிறவர்களை நாங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். காற்றை யார் வாங்குவது என்று இரண்டு பேர் இப்படி முந்திக்கொண்டதைப் பார்த்ததில்லை. கொம்பையா அவர்களைக் கடந்து போய்விட்டான். அவன் பின்னால் வந்த கூட்டமும் போய்விட்டது. வாலில் வந்தவர்களும் போனார்கள். கோப்பை போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பலவேசத்தின் வாயோரம் நுரை தள்ளியது. கடைசியாக ஒருமுறை அவன் முன்னால் போனபோது கையைப் பின்னால் நீட்டி, சின்னப் பிள்ளையை வா என்று கூப்பிடுவது மாதிரி, விரலை அசைத்தான்.

ஞானதிரவியம் முந்தவில்லை. மெல்ல இடது பக்கம் நகர்ந்து, பலவேசத்தின் பின்சக்கரத்தை ஒட்டி உள்ளே வந்தான்.

குளத்துக்கரையிலிருந்து கடைவீதிவரை அவர்கள் அப்படியே வந்தார்கள். நடந்து போகிறவன்கூடச் சேர்ந்து வரக்கூடிய வேகம்தான். நாங்களும் கூடவே நடந்தோம். கொம்பையா கோப்பை வாங்கிய கைதட்டல் காற்றில் கிழிந்து கிழிந்து வந்து அடங்கியது. செத்தவர்களின் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வரிசை விட்டு வழிவிட்டார்கள். பலவேசத்துக்குப் பின்னால் காற்றில்லாத அந்தச் சின்ன இடத்தில், நீலப் பனியன் சாயம் ஏறுகிற துணி போலக் கொஞ்சங் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. பிறகு முதுகு நிமிர்ந்தது. பிறகு, எதிரே முடிவுக்கோட்டில் நின்றவர்களுக்கும் முதல் தடவையாக அவன் தெரிந்தான். குனியாத முகம். உயிரோடு இருந்த காலத்திலும் சைக்கிள் மேல் அந்த முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. எங்களில் பாதிப் பேருக்கு அது யாரென்று அடையாளமே தெரியவில்லை.

முடிவுக்கோடு தெரிந்ததும் பலவேசம் இடது பக்கம் ஒதுங்கினான்.

ஞானதிரவியத்துக்கு முன்னால் ஒருத்தரும் இல்லாத கடைவீதி இருந்தது. அவன் ஜெயிப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை, கடைசிக்கு முந்தின இடம்தான். ஆனாலும் நாங்கள் எல்லோரும், கொம்பையாவின் ஆட்கள் உள்பட, அவன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தேவசகாயம் சார் கொடியை உயர்த்திவிட்டார். அவன் கோட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மிதிப்பதை நிறுத்தினான். சைக்கிள் தானாக உருண்டு வந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வலது கைப்பக்கம் பிரிகிற சந்துக்குள், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வேலை முடிந்து போகிறவன் மாதிரித் திரும்பிவிட்டான். அந்தச் சந்தின் கடைசியில்தான் அவன் வீடு.

அவன் ஏன் கோட்டைத் தாண்டவில்லை என்பதை நாங்கள் இன்றைக்கும் பேசுகிறோம். ஜெயித்துப் பழகாதவன், பயந்துவிட்டான் என்கிறார்கள். பலவேசத்தை விட்டு முன்னால் போக மனசில்லை என்கிறார்கள். அவனுக்கு அது எந்தக் காலத்திலும் வேண்டியிருக்கவில்லை, வேண்டும் என்று நினைத்தது நாம்தான் என்று சேர்மத்துரை ஒருமுறை சொன்னார். தெரியவில்லை.

அன்றைக்கு நாங்கள் உடனே சந்துக்குள் போகத் துணியவில்லை. பலவேசம் கோட்டைத் தாண்டிக் கடைசி ஆளாகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தான். நாங்கள் இடைவெளி விட்டுப் பின்னால் போனோம். சாய்ப்பில் சைக்கிள் சுவரோடு சாய்ந்திருந்தது. வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மகள் வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பார்க்கும்போது உட்காருவார்களே, அப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயரூபி வெளியே வந்தாள். கையில் ஈரத்துணி இருந்தது. அவள் அழுதிருக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை, முகம் வியர்த்திருந்தது, அடுப்படியிலிருந்து வந்தவள் முகமாகவும் இருக்கலாம். பலவேசம் என்னவோ கேட்க வாயெடுத்தான். அவள் விரலை வாயில் வைத்தாள்.

"தூங்குதாவ," என்றாள், அடிக்குரலில். "சத்தம் போடாதிய தம்பி."

பலவேசம் தலையை ஆட்டினான். திரும்பும்போது பின்சக்கரம் உருண்டு ஃப்ரீவீல் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. சட்டென்று நின்றான். குனிந்து, மூச்சைப் பிடித்து, அந்தச் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சக்கரத்தை ஒரு கையால் பிடித்து நிறுத்தியபடி, எதிர்க்காற்றில் மெல்ல நடந்து சந்தை விட்டு வெளியே போனான். நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனோம்.